மாதாவின் தேரும் பதினாறு இன்ச் டயரும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் கூட்டம். யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை, தங்கை ஹெலினாவின் வீட்டுக்காரன் ஃபெலிக்ஸ் தன் பிக்கப் வண்டியைக் காட்சிக்கு வைத்திருந்தான். பதினேழு இன்ச் அலாய் வீல். காட்டுக்குள் ஓட்டுகிற முண்டு முண்டான டயர், மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு. கூரைமேல் நீளமாக ஒரு எல்.இ.டி. பட்டை. அடியில் நீல விளக்கு வேறு. இவன் ஏற்றுவது தண்ணீர் கேன். ஓட்டுவது வேலப்பன்சாவடிக்கும் மாங்காட்டுக்கும் நடுவில். எந்த மலைமேல் ஏறி கேன் போடப் போகிறான்?

"எப்டி கீது மச்சான்?" என்றான்.

"நல்லா கீது மாப்ள. ஏறி உக்கார ஏணி எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், ஹெலினாவும்தான். அவன் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து லோடு ஏற்றி வரும்போது எதிரில் ஃபெலிக்ஸ். பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிகிறது. சூரியனுக்கு வழி காட்டுகிறான் போல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திருவிழாக் கமிட்டி கூடியது. வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குத் தேர் கட்டுவது என் லோடு வண்டியின் மேல்தான். இத்தனை வருஷமாக அதில் பேச்சே எழுந்ததில்லை. இன்று கமிட்டிச் செயலாளர் ரிச்சர்ட் தொண்டையைச் செருமினான். "டேவிட்ணே, இந்த வருஷம் தேர்பவனி யூடியூப்ல லைவ் போவுது. வண்டி கொஞ்சம் கெத்தா இருந்தா நல்லாருக்கும். ஃபெலிக்ஸ் வண்டியயும் பாத்துருவோமே."

மாதாவுக்கு எடுக்கிற விழாவில் வண்டிக்குக் கெத்து வேண்டுமாம்! தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன சொல்வது?

மகள் பெனிஷாவுக்கு நாலு வயதில் காய்ச்சல் மூளைக்கு ஏறி, டாக்டர்களே கைவிரித்தபோது ஆஸ்பத்திரி நடையில் மண்டிபோட்டேன். 'பிள்ளையைக் கொடு தாயே. கையில் தெம்பு இருக்கும்வரை உன் தேரை நானே தெருத்தெருவாகக் கொண்டுபோகிறேன்.' அவள் இன்று காலேஜ் போகிறாள். இந்த நேர்ச்சை என் மனைவி ஞானகுமாரிக்கு மட்டும்தான் தெரியும். கமிட்டியில் சொன்னால் ஐயோ பாவம் என்று கொடுப்பார்கள், அந்தப் பிச்சை எனக்கு வேண்டாம். ஆனால் தேர் அவன் வண்டிக்குப் போய்விட்டால்? பிள்ளையை வாங்கிக்கொண்டு பேச்சு மாறினவன் ஆகிவிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

பெனிஷா சொல்கிறாள்: "நம்ம வண்டி வந்து நின்னா, எதுர் ஊட்டு ஆன்ட்டி குப்ப வண்டின்னு நெனச்சு பக்கெட்ட தூக்கினு வராங்கப்பா." தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

குமணன்சாவடியில் ஒரு டயர் கடைக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான். கடைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் வந்து, "அண்ணாத்தே, டயர் ஏறினா வண்டி மட்டுமா ஏறுது? நம்ம மருவாதையும் ஏறும்" என்றான். இதையும் நம்பி வாங்குகிற மடையர்கள் இருக்கப்போய்த்தான் கடைக்கு ஏ.சி. ஓடுகிறது. பதினாறு இன்ச் என்ன விலை என்று மட்டும் கேட்டு வைத்தேன். ஒரு தகவலுக்கு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதினாறு இன்ச் போட்டாகிவிட்டது.

பதினேழு இல்லை. நான் ஃபெலிக்ஸ் இல்லை, எனக்கு அளவு தெரியும். கம்பெனி கொடுத்தது பதினைந்து. அதற்கு மேல் ஒரே ஒரு இன்ச், கொஞ்சம் அகலமான டயர். இதற்குப் பெயர் ஆடம்பரம் இல்லை. முன்னால் இரண்டு மஞ்சள் பனிவிளக்கும் மாட்டினேன். "ஆகஸ்டுல பூந்தமல்லில எங்கயா பனி பேயுது?" என்று ஞானகுமாரி கேட்டாள். பெண்களுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்!

தெருமுனையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பிப் பார்த்தேன். காலி வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பியது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன். ஃபெலிக்ஸ் வண்டியில் தேரைக் கட்டினால் மாதாவின் கிரீடம் கோயில் வளைவில் இடிக்குமாம். ரிச்சர்ட் கழியை வைத்து அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். என் வண்டி தாராளமாக நுழைகிறது. "நம்ம மாப்ள ஏரோப்ளேன் வாங்கிருக்கலாம்" என்றேன். நல்ல சிரிப்பு.

வெளியே ஹெலினா வழிமறித்தாள். "சந்தோசமாண்ணே? அவரு எதுக்கு ஆசப்பட்டாருன்னு உனக்கு இன்னா தெரியும்? கண்ணாலமாயி ஒம்போது வருஷமாச்சு. ஒரே ஒரு தபா மாதாவ எங்க வண்டில வெச்சு இட்டுனு போனா, ஒரு புள்ள..." முடிக்காமல் போய்விட்டாள்.

அதற்கு எதற்குடா நீல விளக்கு? பிள்ளைவரம் கேட்கிறவன் கூரைமேல் எல்.இ.டி.யா கட்டுவான்? பைத்தியக்காரன்.

சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் மட்டும் சொன்னேனா?

ஆகஸ்ட் 29, வெள்ளி

கொடியேற்றம். ஃபெலிக்ஸ் தூணோரம் நின்றுவிட்டுப் போனான். நானும் கூப்பிடவில்லை. ரிச்சர்டுக்குப் புதிதாக ஒரு யோசனை: தேர் முழுக்க சீரியல் விளக்கு. எப்போதும் தள்ளுவண்டியில் பின்னால் வருகிற ஜெனரேட்டரை என் வண்டிமேலேயே ஏற்றிவிட வேண்டுமாம். "லைவ்ல அது தனியா தெரிஞ்சா அசிங்கமா கீதுண்ணே." மாதா அசிங்கம் பார்க்கமாட்டாள், யூடியூப் பார்க்கும். சரி என்றேன். புது டயர் தாங்காதா என்ன?

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கோயிலிலிருந்து நேர் ரோடு முழுக்க ராஜ ஊர்வலம். ராமன் மளிகை முனையில் இடதுபக்கம் ஒடித்தேன். கரகரவென்று சத்தம், ரப்பர் தீய்கிற நாற்றம். தேரும் ஜெனரேட்டரும் அமுக்கின அமுக்கில் வண்டி இறங்கி, டயர் மட்கார்டில் போய்ப் பதிந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. காலி வண்டியில் திருப்பிப் பார்த்த அறிவாளி நான். தேரை ஏற்றித் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜெபமாலை நின்றது. செல்போன்கள் உயர்ந்தன. "லைவ் போய்கினு கீதுண்ணே!" என்று ரிச்சர்ட் ஜன்னலில் அடிக்கிறான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் நேர்ச்சை போச்சு. இறங்கவே மாட்டேன். எதிரில் பெனிஷா மெழுகுவர்த்தியோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அழுதுவிடுவேன் என்று இருந்தது.

ஞானகுமாரி வந்து கதவைத் திறந்தாள். "எறங்குயா. வண்டி போவலன்னா இன்னா? உனக்குத் தோள் இல்ல?"

அதற்குள் ஃபெலிக்ஸ் முனையில் போட்டிருந்த பந்தலிலிருந்து இரண்டு சவுக்குக் கட்டையை உருவிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். யாரையும் கேட்கவில்லை. மாதாவின் பீடத்தைத் தேரிலிருந்து கழற்றி, அடியில் கட்டையைக் கொடுத்து இறுக்கிக் கட்டினான். ஆட்கள் கைகொடுத்து இறக்கினார்கள். முன்னால் இடதுபக்கம் அவன் தோள் கொடுத்தான். வலதுபக்கம் யாரையும் நிற்கவிடாமல் என்னைப் பார்த்தான். "வா மச்சான்."

போனேன்.

சீரியல் விளக்கெல்லாம் வண்டியோடு பின்னால் நின்றுவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். இத்தனை வருஷம் எட்ட நின்று கும்பிட்டவர்கள் கிட்டே வந்து குழந்தைகளைத் தூக்கி மாதாவின் சேலையைத் தொடவைத்தார்கள். பாரம் எலும்பில் இறங்கியது.

"லோடு வெச்சுத் திருப்பிப் பாக்கலியா மச்சான்?" என்றான் ஃபெலிக்ஸ், மூச்சு வாங்கிக்கொண்டே.

"வாய மூடினு நட மாப்ள."

செப்டம்பர் 8, திங்கள்

தோள் வீங்கிக் கிடக்கிறது. காலையில் ஹெலினா தைலம் கொடுத்தனுப்பினாள். பாதி தீர்ந்த பாட்டில். மீதியை அவனுக்குத் தேய்த்திருப்பாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அடுத்த வருஷமும் தோளில்தான் என்று கமிட்டி முடிவெடுத்துவிட்டது. லைவை நிறையப் பேர் பார்த்தார்களாம். அதனால் ரிச்சர்டுக்குத் தோள்மேல் திடீர் பக்தி. கட்டை சாயாமல் இருக்க, தூக்கப் பெயர் கொடுத்தவர்களைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தார்கள். நானும் ஃபெலிக்ஸும் ஒரே உயரம். முன்பக்கம் எங்களைத்தான் போட்டிருக்கிறார்கள்.

பிறகு ஃபாதர் ஒவ்வொருவராக நெற்றியில் சிலுவை வரைந்து, என்ன நேர்ச்சை என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது ஃபெலிக்ஸ் பக்கத்தில்தான் நின்றான்.

"நான் கேட்டது கெடச்சுப்போச்சு ஃபாதர்" என்றேன். "அடுத்த வருஷம் என் தங்கச்சி புள்ளைக்கு."

ஃபாதர் அவன் பக்கம் திரும்பினார். அவன், தனக்கும் அதுவே என்பதுபோல், தலையை மட்டும் ஆட்டினான்.