பர்னபாவின் பக்கம் நின்றவளுக்கு

போன சனிக்கிழமை, சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது உன் பாட நோட்டு கிடைத்தது. பிரவுன் அட்டை போட்டது. ஓரத்தைக் கரையான் தின்றிருந்தாலும் எழுத்து அப்படியே இருக்கிறது. தமிழில் எழுதிக்கொண்டே வந்து, பிள்ளைகளுக்குப் புரியாது என்று தோன்றிய இடத்தில் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறாய். பேதுருவுக்கே இரண்டு பக்கம்தான். பர்னபாவுக்கு நான்கு பக்கம். அலமாரியை அப்படியே விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன்.

"பவுலப் பத்திப் பேச ஊர்ல எல்லாரும் இருக்காங்க. அவரக் கூட்டினு வந்த ஆளப் பத்தி யாரு பேசறது?" என்பாய். சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்த சவுல், பின்னாளில் பவுல் எனப்பட்டவர், மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, சீடர்கள் யாரும் அவரை நம்பவில்லை. பயந்தார்கள். பர்னபா ஒருவர்தான் அவரைக் கையோடு அழைத்துப் போய் அப்போஸ்தலர்கள் முன்னால் நிறுத்தி, இவருக்கு நடந்தது இதுதான் என்று சொன்னார். நோட்டில் 'கையோடு' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதை எழுதியது எனக்கு நடந்ததற்கு முன்பா பின்பா என்று தெரியவில்லை. தேதி போடும் பழக்கம் உனக்கு இல்லை.

எனக்கு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அமீர்பேட்டைக்கு வந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்தேன். அனுபவம் இல்லாதவர்களுக்கு அப்போது வேலை இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, வேலையே பார்க்காத கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்ததாகக் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. ஐந்தாவது மாதம் விசாரித்துக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு வழியாகச் சபைக்குத் தெரிந்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளியில் நான் பாடம் நடத்த வேண்டாம் என்று கமிட்டி சொல்லியனுப்பியது. நீதான் அந்தப் பள்ளியின் செயலாளர். நீ என்னுடைய ஹாஸ்டல் அறைக்கு வந்தாய்.

"இன்னா இது, பொட்டியெல்லாம் கட்டி வச்சிருக்க?"

"நா ஊருக்கே போயிருதேன். டிக்கெட் எடுத்தாச்சு. இங்க எந்த மூஞ்சிய வச்சுட்டு இருக்க?"

"நக்கோ, வேணாம். மொதல்ல எங்கூட வா. அப்பறமும் போணும்னா போ."

கமிட்டியில் ஆறு ஆண்களும் போதகரும் இருந்தார்கள். நீ எனக்காகக் கெஞ்சவில்லை. "இவ பொய் சொன்னா. அத இவளே எங்கிட்ட சொன்னா. இனிமே இவ கிளாஸ்ல நானும் உக்காந்திருப்பேன். தப்பு வந்தா என்னக் கேளுங்க," என்றாய். சொன்னபடி ஒரு வருடம் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய், உன்னைவிட மூன்று மாதமே இளையவளுக்காக. பேகம்பேட்டையில் நீ வேலை பார்த்த சிறிய கம்பெனியிலும் அதையே செய்தாய். நடந்ததை ஒன்றுவிடாமல் மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் என்னைப் பயிற்சி ஆளாகச் சேர்த்தாய்.

வேதாகமத்தில் பர்னபாவும் சவுலும் என்று போய்க்கொண்டிருந்த வரிசை, போகப்போகப் பவுலும் பர்னபாவும் என்று மாறிவிடுகிறது. நீதான் அதை எனக்குக் காட்டினாய். கம்பெனி வளர்ந்து கச்சிபௌலிக்கு மாறியபோது நம் வரிசையும் மாறியது. நான் மேலாளர் ஆனேன். நீ எனக்குக் கீழே வந்தாய். அன்று எல்லோருக்கும் கராச்சி பிஸ்கட் வாங்கிவந்து கொடுத்தவள் நீதான். உனக்கு வருத்தம் இருந்ததா என்று தேடிப்பார்த்திருக்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு சுனிதா விஷயம் வந்தது. நம் குழுவில் இருந்த தெலுங்குப் பெண். வேலையை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க ஐந்து நாள் இருக்கும்போது வராமல் நின்றுவிட்டாள். போனையும் அணைத்துவிட்டாள். அவள் பகுதியை நானும் நீயும் பங்குபோட்டு முடித்தோம். எட்டு மாதம் கழித்து, எங்கும் ஆளெடுக்காத அந்த மந்தமான வருடத்தில், அவள் உன்னிடம் வந்து வேலை கேட்டாள். நீ என் அறைக்கு வந்தாய்.

"அவள எடுத்துக்கலாம்."

"பாதியில ஓடுனவள நம்பச் சொல்லுதியா?"

"உன்ன நம்பல?"

"நா பொய் சொன்னேன். ஆனா யாரையும் நடுவுல விட்டுட்டு ஓடல."

"ஊருக்கு டிக்கெட் எடுத்து வச்சது யாரு?"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. "அது வேற, இது வேற. நா இங்க இருக்கற வரைக்கும் அவ வேண்டாம்," என்றேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நீ நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாய். அந்த மாதமே விலகினாய். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், ஒரு வீட்டு மாடியில் நடந்த கம்பெனிக்குப் போனாய். சுனிதாவையும் கூட்டிக்கொண்டு போனாய்.

உன் நோட்டில் பர்னபாவின் நான்காவது பக்கம் இதுதான். ஊழியப் பயணத்தின் பாதியில் தங்களை விட்டுப்போன மாற்கு என்பவரை மறுபடியும் சேர்த்துக்கொள்வதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுமையான சண்டை. பவுல் ஒரு பக்கம் போனார். பர்னபா மாற்கை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். ஒரு பிள்ளை உன்னிடம் இந்தியில் கேட்டிருக்கிறாள்: "உஸ்கே பாத் பர்னபா கா க்யா ஹுவா, ஆன்ட்டி?" அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று. நீ அதை எழுதிவைத்து, பக்கத்தில் உன் பதிலையும் எழுதியிருக்கிறாய்: 'தெரியாது. அதுக்கப்புறம் எழுதல. எழுதலன்னா ஒண்ணும் செய்யலன்னு அர்த்தமில்ல.'

நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையசைத்துக்கொண்டோம். பிறகு நீ நோயில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் உன்னை ஒருமுறை பார்த்தேன். என் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நான் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தேன். மறுபடி வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். மூன்றே வாரத்தில் போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டத்தில் சுனிதா ஒதுங்கி நின்றாள். எல்லோரும் மண் போடுவதைப் பார்த்துவிட்டு என்னருகில் வந்தாள். தானும் போடலாமா என்று கேட்டாள்: "மட்டி வேயச்சா, அக்கா?" தலையசைத்தேன். அவள் மூன்று பிடி போட்டாள்.

மூன்று மாதம் கழித்து எங்களுக்கு நல்ல ஆள் ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டது. யோசித்தபோது அவள் பெயர்தான் வந்தது. நானே கூப்பிட்டேன். வந்தாள். வேலை விஷயம் பேசி முடிந்த பிறகு, அன்று ஏன் போனாள் என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மீரண்டே பயம், அக்கா." உங்களைக் கண்டால் பயம் என்று. அவள் சோதித்த பகுதியில் பெரிய பிழை ஒன்று தப்பிவிட்டதாம். என்னிடம் வந்து சொல்லப் பயந்து, இரண்டு நாள் கதவு வரை வந்து திரும்பிப் போனாளாம். மூன்றாம் நாள் வரவே இல்லை.

"அவளுக்குத் தெரியுமா?" என்று உன்னைப் பற்றிக் கேட்டேன்.

"தெலுசு. மொதட்டி ரோஜே செப்பானு."

தெரியுமாம். வேலை கேட்டு வந்த முதல் நாளே உன்னிடம் சொல்லிவிட்டாளாம்.

அப்படியென்றால் என் அறைக்கு நீ வந்து நின்றபோது உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் கத்தியபோதும் தெரிந்திருக்கிறது. 'அவ ஓடினது உனக்குப் பயந்துதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். நீ அதைச் சொல்லவில்லை. அவளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகவா, என்னை அப்படிக் குத்தக் கூடாது என்பதற்காகவா, தெரியவில்லை. இரண்டுக்குமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சுனிதா இப்போது எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். பிழை தெரிந்தால் எழுந்து வந்து சொல்கிறாள். நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பதில் சொல்லப் பழகுகிறேன். எல்லா நாளும் முடிவதில்லை. முடியாத நாளில், அவள் தன் இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் எழுந்து பின்னாலேயே போகிறேன்.