புத்தக அலமாரி வண்டு

இல்லை அண்ணா, உன்னை மாட்டிவிட அந்த வண்டை நான் காலேஜுக்குக் கொண்டுபோகவில்லை. கம்பெனியில் கேட்காமல் எடுத்து வந்த இறக்குமதிப் பெட்டிப் பலகையில் நீ செய்து தந்த அலமாரி. அதிலிருந்து மரம் மாவாய்க் கொட்டியதும், வெளிநாட்டுப் பூச்சியோ என்று பயந்துவிட்டேன். பலகை ஏது என்று விசாரணை வரும் என எனக்குத் தோன்றவே இல்லை. “பூச்சி புடிக்கிறேன்னு என் வேலைக்கே உலை வச்சிட்டியேடி” என்று நேற்று நீ கத்தியது நியாயம்தான்.

காலையில் காலேஜிலிருந்து பூச்சியியல் மேடம் போன் செய்தார். கப்பலில் வந்ததில்லையாம், நம்மூர் வண்டுதானாம்! அதனால் எந்த அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டியதில்லையாம். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி பெய்யுமே, அந்த ஊர்க்காரன் என்றல்லவா நினைத்திருந்தேன். போகட்டும், இப்போதுதான் மூச்சு வருகிறது.

ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது. ஃப்ரீசரில் உள்ள சட்னி டப்பாவைத் திறக்காதே, அதில் இன்னும் இரண்டு வண்டுகள்.

குழலி

பி.கு.: தாவர உயிரிப்பாதுகாப்பு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு (வெளிநாட்டுப் பூச்சிகள் உள்ளே வராமல் தடுப்பது பற்றியது) மேடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஐதராபாத்தில் ஒரு வருடம், பயிற்சியும் அங்கேயே. படிவம் டிவி பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்த களைப்பு இருக்கும், தெரியும். தூங்கப் போகுமுன் போட்டு வைக்கிறாயா, அண்ணா?