பாதை உன்னைக் கொல்லவில்லை, அக்கா

சொன்ன பேச்சு ஒன்றையும் கேட்காத என் அன்பு மல்லிகா அக்காவுக்கு,

உன் காரியம் முடிந்த மறுநாளே நம் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். அப்பா நம் சைக்கிளைத் தூக்கி விட்டத்தில் கட்டிவிட்டார். வீட்டுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே இரண்டு சக்கரமும் தெரிகின்றன. காற்றடித்தால் முன்சக்கரம் தானாகச் சுற்றுகிறது. அதைப் பார்த்து அம்மா அழுகிறாள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். ஊரில் எல்லாரும் படிப்பார்கள். படிக்கட்டும். உன்னைப் பற்றி அவர்கள் பேசியதை நான் வாய் திறக்காமல் கேட்டேன். இப்போது அவர்கள் கேட்கட்டும்.

என்ன பேசுகிறார்கள் தெரியுமா? அந்தப் பாதைதான் உன்னைக் கொண்டுபோனதாம். மாசி மாதம் நாம் சீகை மரக்காட்டில் விழுந்து எழுந்தோமே, அன்றே உன்னை ஏதோ காற்றுக்கருப்பு அடித்துவிட்டதாம். பெண் பிள்ளை சைக்கிளில் காடிறங்கினால் இப்படித்தான் ஆகுமாம். அன்று உன் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸ் மூடி எங்கே என்று தேடினாய். அதற்குப் பிறகு எத்தனை நாள் என்னை ஏற்றிக்கொண்டு இறங்கினாய்! சித்திரையில்தான் உன் கண் மஞ்சளானது. அது மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். முற்றிப்போகும் வரை ஏன் வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டார். அதை யாரும் பேசுவதில்லை. பாதையைக் குற்றம் சொன்னால் மனிதர் யாருக்கும் வலிக்காது, இல்லையா?

நம்மைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் குடியிருப்பு பள்ளங்கிக்குக் கீழே, கேரட் தோட்டங்களின் ஓரத்தில் இருக்கிறது. எல்லாரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். பள்ளிக்கூடம் மேலே, கொடைக்கானலில். காலை பஸ் வந்து சேர்வதற்குள் முதல் பாடம் முடிந்துவிடும், மாலை பஸ் வருவதற்குள் இருட்டிவிடும். அதனால் காலையில் சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போவோம், மாலையில் அதில் ஏறி இறங்குவோம். ஏரியைச் சுற்ற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தேய்ந்துபோன சைக்கிள் அது. மேகம் இறங்கி ரிம் நனைந்துவிட்டால் பிரேக் பிடிக்காது.

அதற்காகத்தான் நீ சீகைக் கிளையை ஒடித்து என் கையில் கொடுத்தாய். நான் கேரியரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, இலையும் தழையுமான அந்தக் கிளையைத் தரையில் இழுத்துக்கொண்டே வருவேன். நீ "அமுக்கு" என்றால் அமுக்குவேன், "விடு" என்றால் தூக்குவேன். காற்றெல்லாம் உன் முகத்துக்கு, புழுதியெல்லாம் என் மூக்குக்கு. ஒருநாள் நான் சண்டை போட்டபோது, "பிரேக்குக்கு வாய் எதுக்குடி?" என்றாய். சிரித்த சிரிப்பில் கிளையைக் கைவிட்டேன். அன்று நாம் வீட்டுக்கு வந்த வேகம் நினைவிருக்கிறதா?

அக்கா, பத்தாம் வகுப்பில் நான் பாஸ். வரலாற்றில் உன்னைவிட அதிக மார்க். பிளஸ் ஒன் சேரவேண்டும். அப்பாவிடம் சொன்னேன்.

"படிக்க வேணாம்னு சொல்லல. போற வழிதான் வேணாங்கிறேன்" என்றார். "பள்ளிக்கூடம் விட்டு நீ காட்டு வழில நடந்து வந்து சேர்றதுக்குள்ள இருட்டிரும். தனியா விட மாட்டேன். அம்மாகூட வேலைக்குப் போ."

"இருட்டுறதுக்கு முன்னாடி வந்துட்டா?"

"எப்படி, பறந்தா வருவ?"

"சைக்கிள்ல வருவேன்."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "ஒருத்தியக் குடுத்தது பத்தாதாடி?"

"அக்காவ மஞ்சக்காமாலதான் கொண்டுபோச்சு. பாதை இல்லம்மா."

"தெரியும். ஆஸ்பத்திரில நானுந்தான இருந்தேன். தெரிஞ்சு என்ன செய்யச் சொல்ற? காமால கண்ணுக்குத் தெரியுதா, குறுக்க நின்னு மறிக்க? பாதைன்னா முள்ளப் போட்டாச்சும் அடைக்கலாம்."

நீ இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் அவர்கள் வேலைக்குப் போனதும் தகரப் பெட்டியின்மேல் ஏறிக் கயிற்றை அறுத்தேன். சைக்கிள் என் தோளில்தான் விழுந்தது. முள்ளை நகர்த்திவிட்டு, மேலே தார் ரோடு வரை தள்ளிக்கொண்டு போனேன். பிரேக்குக்கு ஒரு கிளையை ஒடித்துக் கேரியரில் கட்டினேன். பள்ளிக்கூடம் விடும் நேரம் வரட்டும் என்று ரோட்டோரத்தில் காத்திருந்தேன். அப்போது புறப்பட்டு இருட்டுக்கு முன் வீடு சேர்ந்தால்தானே அப்பாவிடம் பேச முடியும்? நேரம் வந்ததும் ஏறி உட்கார்ந்து, தரையிலிருந்து காலை எடுத்தேன்.

எனக்கு அந்தப் பாதையில் ஒவ்வொரு கல்லும் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியும்தான், ஆனால் கீழேயிருந்து மேலே பார்த்தபடி மட்டும்! காலையில் தள்ளும்போதும் மேட்டைப் பார்த்தேன். மாலையில் உன் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தபோதும் மேட்டைத்தான் பார்த்தேன். பேரிக்காய் மரத்து வளைவு வந்தது. உன்னோடு எப்போதும் சாய்கிற இடக்கைப் பக்கமே என் உடம்பு சாய்ந்தது. பாதை வலப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. நான் நேராக வெள்ளைச்சாமி முதலாளியின் கேரட் பாத்தியில் போய் விழுந்தேன். நம் அம்மாவும் அப்பாவும் வேலை செய்கிற அதே தோட்டம். முள் போட்டவரும் அவர்தான்.

"ஏலே! யார்லே அது தோட்டத்துக்குள்ள?" என்று மண்வெட்டியோடு ஓடி வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். "ஏ புள்ள, நீயா? ஒங்கக்கா போன சூடு ஆறல, அதுக்குள்ள ஒனக்கு இந்தச் சோலி தேவையா? இந்தப் பாதை ஆள் கேக்குது தாயி. அடைச்சுப் போட்டும் எதுக்கு வந்த?"

உதட்டில் மண் ஒட்டியிருந்தது. துப்பிவிட்டுக் கேட்டேன்: "போன ஞாயித்துக்கெழம டவுன்ல இருந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பயலுக தடி டயர் சைக்கிள்ல எறங்கி வந்தாங்களே, அவங்களப் பாதை கேக்கலியா முதலாளி? நீங்களே முள்ள ஒதுக்கிவிட்டு, பிளம்ஸ் பழமும் குடுத்து அனுப்புனீங்க."

"அவங்க வெளையாட வந்த பிள்ளைங்க."

"நான் படிக்கப் போறவ."

"வாயப் பாரு! அக்காளுக்கு மேல இருக்கா" என்றார். திட்டுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னார், அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காதபடி குனிந்து சைக்கிளைத் தூக்கினேன். சாய்ந்துபோன செடிகளை நிமிர்த்தி மண் அணைத்துவிட்டுத்தான் வந்தேன். செடி விஷயத்தில் நியாயம் அவர் பக்கம்தான்.

எனக்கு முன்னாலேயே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்குப் பொறப்பட்டுமா வெளிச்சம் இருக்கையில வந்து சேர்ந்த?"

"நல்ல வெளிச்சம்மா. கேரட்டுக்குள்ள விழாம இருந்தா இன்னும் வெரசா வந்திருப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் இல்லாமல் தார் ரோட்டிலிருந்து கீழே நடந்தே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று, எந்தக் கைப்பக்கம் என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பேரிக்காய் மரத்தடியில் தலை நிமிர்ந்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் என் முன்னால் திறந்து கிடந்தது. பூண்டு வயல்களின் பச்சைப் படிக்கட்டு, அதற்கும் கீழே மேகம், மேகத்துக்குக் கீழே வெயிலில் சமவெளி. தினமும் இதைப் பார்த்துக்கொண்டா இறங்கினாய்? என்னிடம் ஒருநாளும் சொல்லவேயில்லையே, ஏன்?

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று நான் எழுந்தபோது அம்மாவைக் காணோம். வெளியே வந்து பார்த்தேன். அரிவாளோடு பாதை முகப்பில் நின்று, அந்த முள்ளையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி மேலே வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? நான் போட்ட வேலிய வெட்டுற?"

"வீட்டுல வெறகில்ல முதலாளி" என்றாள் அம்மா, நிமிராமலே. "நாளைக்கும் போடுங்க. பிள்ளைக்கு வெள்ளனே சோறாக்கணும்ல."

அவர் மறுநாளும் போட்டார். அம்மா மறுநாளும் சோறாக்கினாள். இன்றுவரை அப்படியே நடக்கிறது. பகலில் அவருடைய பாத்தியில் அம்மா களை எடுக்கிறாள், காலையில் அவருடைய முள்ளை எரிக்கிறாள். அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் பள்ளியில் சேர்க்க அவர்தான் வந்தார். நான் பிளஸ் ஒன்னில் வரலாறுதான் எடுத்திருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. இந்தப் பாதையில் நான் தினமும் இறங்குவேன், மழையிலும் மேகத்திலும். உன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தி எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளையை உட்காரவைக்கப் பார்த்தால், அந்த வாசலில் சைக்கிளை நிறுத்துவேன். மணியடித்து எல்லாரையும் வெளியே கூப்பிடுவேன். உனக்கு வந்தது என்ன நோய், அது எப்படி முற்றியது, எந்த வழியாக நீ பள்ளிக்கூடம் போனாய் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வேன். எத்தனை வாசலானாலும் சரி.

உன் கூடப்பிறந்தவள்,
உன் தங்கச்சி சரோஜா