வண்டியில் ஏறியவர்கள் சொன்னார்கள்

நைனா,

இன்று காலை என் ஸ்கூட்டி பஞ்சர். திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். வெயிலில் சுட்ட ரெக்சின் சீட்டு, முன்னால் சாமி படத்தில் நேற்றைய மல்லிகை, காலடியில் யாரோ வைத்த கருவாட்டுக் கூடை. மூன்று வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் முன்சீட்டில் வேறு முதுகு தெரியும். அதனால் நான் வேலை பார்க்கும் சுகாதார நிலையம் வரும்வரை திறக்கவே இல்லை. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன் மகள் டாக்டராகியும் இன்னும் அரைப் பைத்தியம்தான்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் "டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்று உன்னிடம் சொன்னேன். அவ்வளவுதான், மறுநாளே நீ ஓட்டும் ஷேர் ஆட்டோ ஆலோசனை மன்றமாகிவிட்டது. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஏறுகிற ஒருத்தரையும் நீ விடவில்லை. "எம் பொண்ணு டாக்டருக்குப் போவப்போறா. பாடம் இல்லாம வேற இன்னா கத்துக்கணும்?" என்று கேட்பாய். சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பிப்பாய்: "வண்டியில ஏறுனவரு ஒத்தரு சொன்னாரும்மா..."

தாலுகா ஆபீஸ்காரர் சொன்னார் என்று பேச்சுப்போட்டி. நர்ஸம்மா சொன்னார் என்று முதலுதவி வகுப்பு. கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த யாரோ சொன்னார் என்று யோகா. மகன் வெளிநாட்டில் இருக்கிற ஓர் அம்மா, அமெரிக்காவில் டாக்டர் சீட்டுக்கு விளையாட்டு, சேவை எல்லாம் பார்ப்பார்கள், சர்டிபிகேட் ஃபைல் தடியாக இருக்க வேண்டும் என்று சொல்ல, நீ அன்றைக்கே ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி வந்தாய். அது அமெரிக்கா, இங்கே நீட் மார்க்கைத் தவிர எவனும் எதையும் பார்க்க மாட்டான் என்று உனக்குச் சொல்ல ஓர் ஆள் வண்டியில் ஏறவில்லையே!

கடைசியில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். "சிலம்பம் சுத்துனா கை நடுங்காதாம். ஆப்ரேசனுக்கு நல்லதாம்" என்று நீ வந்து நின்றாய். அதையும் கற்றேன். மதுராந்தகத்தில் சிலம்பப் போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கு நீட் மாதிரித் தேர்வு. நீ ஆசைப்பட்டாயே என்று போட்டிக்குப் போனேன். மூன்றாம் பரிசு கிடைத்தது. தேர்வு போச்சு. வீட்டுக்கு வந்து கம்பை வாசலில் வீசி எறிந்தேன்.

"உன் வண்டியில ஏர்றவங்க எல்லாம் எனக்கு அப்பனா நைனா? உனக்கு இன்னா தெரியும்? இனிமே உன் வண்டிக் கதை எதையும் வூட்டுக்குக் கொண்டாராத!"

நீ ஓர் அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "எனுக்குத் தெரியாதுன்னுதாம்மா தெரிஞ்சவங்களக் கேட்டேன்" என்றாய். பிறகு துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டாய். அதற்கப்புறம் வண்டிக் கதை ஒன்றுகூட நம் வீட்டுக்குள் வரவில்லை. ரோஷக்காரன் நீ.

எல்லாவற்றையும் விட்டேன். சனிக்கிழமை மதியம் மாமல்லபுரத்தில் நடந்த இலவசப் பயிற்சி வகுப்பு ஒன்றுதான் மிச்சம். அதற்கு உன் வண்டியில்தான் போக வேண்டும், உன் முதுகுக்குப் பின்னால் ஓரச் சீட்டில். அந்தப் பயணங்கள் நடந்தவையா, நான் கண்ட கனவா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மடியில் விலங்கியல் புத்தகம் இருக்கும். சிறுநீரகப் பாடத்தைக் காற்றே புரட்டிவிடும். மலைக்கோயில் பின்னால் சின்னதாகிக்கொண்டே போகும். கண் சொக்கும். கால்வாய்ப் பாலம் ஏறியதும் வயல் காற்று நின்று உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். நீ வாய்க்குள்ளேயே ஏதோ முனகிக்கொண்டு ஓட்டுவாய். திடீரென்று, "புள்ள படிக்குது, மெதுவாப் பேசுங்க" என்பாய். அடங்குவார்கள். அரை கிலோமீட்டரில் மறுபடியும் தொடங்கிவிடுவார்கள்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் அவர்கள். கையில் மாத்திரைக் கவர் இருக்கும். ஒருநாள் அம்சா அக்கா, கூடையில் மீன் விற்பாரே, அவர் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தலவலின்னு சொன்னேன். மாத்தர குட்த்தாங்க."

"மார்ல கட்டி கீதுன்னியே, அத்த சொன்னியா?"

"அவ்ளோ பேரு நின்னுகினு கீறாங்க. அங்க எப்டிடீ சொல்றது?"

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "அக்கா, அடுத்த சனிக்கிழமை நான் கூட வரேன்" என்றேன். வகுப்பு போகுமே என்று நீ கேட்பாய் என நினைத்தேன். கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தாய், அவ்வளவுதான். இறங்கும்போது மட்டும் சொன்னாய்: "வண்டி ஓடிகினு இருந்தா வாய் தானாத் தொறக்கும்மா. நின்னுட்டா மூடிக்கும்."

அம்சா அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் யார் யாருடனோ செங்கல்பட்டுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். அவர்களால் சொல்ல முடியாததைச் சொன்னேன். அதற்கு யாரும் சர்டிபிகேட் தரவில்லை. இத்தனை கூத்துக்கு நடுவே, பன்னிரண்டு முடித்த வருஷம், அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் சீட்டும் கிடைத்துவிட்டது. கவுன்சிலிங் அன்று நீல ஃபைலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாய். "சிலம்பத்தப் பத்தி இன்னா கேட்டாங்க?" என்றாய். "ரொம்பப் பாராட்டினாங்க நைனா" என்றேன். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு பொய்க்காக நான் வருத்தப்படவே இல்லை.

வருத்தம் வேறு. கடைசி வருஷப் பரீட்சை முடிந்த வாரம், காலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபின் அம்சா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா நெஞ்சு இஸ்துகினு கீதுன்னு சொல்லிகினேதான் ஓட்னாரு அண்ணாத்த. பொண்ணாண்ட சொல்லுன்னு எல்லாருந்தான் சொன்னோம். 'வண்டிக் கதைய வூட்ல பேசக்கூடாதுன்னு சொல்லிகீறா, பரிட்ச வேற'ன்னு சிரிச்சாரும்மா."

அடப்பாவி நைனா. ஒரு கோபத்தில் சொன்னதை இத்தனை வருஷமாகவா காப்பாற்றுவாய்?

இப்போது என் முன்னால் உட்காருகிறவர்களிடம் "என்ன செய்கிறது" என்று நான் முதலில் கேட்பதில்லை. "வண்டியில இன்னா பேசிகினு வந்தீங்க?" என்றுதான் கேட்கிறேன். முழிப்பார்கள், சிரிப்பார்கள், அப்புறம் சொல்லிவிடுவார்கள். போன வாரம் ஓர் ஆட்டோக்காரர் வந்தார். வெறும் வாயுத் தொல்லையாம், மாத்திரை போதுமாம். "ஏர்றவங்களாண்ட இன்னா சொல்லிகினு ஓட்டுறீங்க?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். மேடு ஏறினால் நெஞ்சு பிசைகிறது, இடது கை கடுக்கிறது என்றார். இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார்.

நேற்று அவர் மகள் நன்றி சொல்ல வந்தாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். "ஒரு வார்த்த எங்களாண்ட சொல்லல மேடம் அவரு" என்று அழுதாள்.

"நீ கேட்டியாடி? ஒரு நாளாவது கேட்டியா?" என்று கத்திவிட்டேன். பாவம், குழந்தை மிரண்டு போய் என்னைப் பார்த்தது.

அவளையா கேட்டேன் நான், நைனா?