எலும்புக்கு வெயில்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே சுள்ளுன்னு வெயில். ஜெராக்ஸ் கடையில பேப்பர் பண்டல் தூக்கக் குனிஞ்சேன், நடு முதுகுல சுரீர். நிமிர முடியல. கடைக்கார அக்கா ஸ்டூல் எடுத்துப் போட்டாங்க. "இருபத்தேழு வயசுல இப்புடி இடுப்பப் புடிச்சுக்கிற?" சிரிச்சு வச்சேன். மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்திக்கிறது அவங்களுக்குத் தெரியாது. அந்த லீவெல்லாம் கோயில், விசேஷம்னு சொல்லி எடுத்தது.

ஜூலை 10, வியாழன்

திருச்சி ஆஸ்பத்திரி. கூட அம்மா. எலும்பு ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்த டெஸ்ட். மத்தியானச் சாப்பாடு ரெண்டு இட்லி.

எலும்பு மெலிஞ்சிருக்காம். முதுகெலும்புல ஒரு கணு லேசா அமுங்கியிருக்கு.

"நாலு வருசமா கால்சியம் மாத்திரை விடாம சாப்பிடுறேன் டாக்டர்."

"வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கும்மா. அது இல்லாம கால்சியம் ஒடம்புல சேராது. தலசீமியால எலும்பு ஏற்கெனவே மெலியும். வெயில்ல நடமாடுறதில்லையா?"

இல்ல. ரத்தம் ஏத்த ஏத்த ஒடம்புல சேர்ற இரும்புச்சத்துல முகம் கறுத்துக்கிட்டே போகுது. இன்னும் கறுத்துறக் கூடாதுன்னு காலேஜ்லேருந்தே முழுக்கை, முக்காடு, நிழல். டாக்டர்கிட்ட சொல்லல. அம்மா தரையப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. முக்காடு போடச் சொல்லிக் குடுத்ததே அதுதான்.

ஜூலை 11, வெள்ளி

பழைய கேலண்டர் அட்டையில எழுதி ஒட்டினது:
வைட். டி – வாரம் ஒண்ணு, ஞாயிறு.
கால்சியம் – சாப்பிட்டதும்.
இரும்பு குறைக்கிற மாத்திரை – தனியா, வேற நேரம்.
பாரம் தூக்கக் கூடாது.
அடுத்த ரத்தம் 21.

கடையில முதுகு வலின்னு மட்டும் சொன்னேன். பண்டலை இனிமே அக்காவே எடுக்குறாங்க. கஷ்டமா இருக்கு.

ஜூலை 13, ஞாயிறு

வைட்டமின் டி மருந்து குடிச்சாச்சு. பத்தரைக்கு மொட்டை மாடி. கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டு நின்னேன். கூச்சமாத்தான் இருந்துச்சு. வத்தல் காயப்போட அம்மாவும் வந்துச்சு.

அடுத்த மாடியில துணி காயப்போட்ட சரசு அத்தை: "ஏத்தா வெயில்ல நிக்கிற? இருக்குற கறுப்பு பத்தாதா?"

"எலும்புக்கு அத்தை. எனக்கு தலசீமியா. கைக்கொழந்தையிலேருந்து ரத்தம் ஏத்திக்கிறேன்."

எப்புடி வாயில வந்துச்சுன்னு தெரியல. ஊர்ல கேக்குறவங்களுக்கெல்லாம் அம்மா சொல்றது 'ரத்தசோகை'தான். அதட்டும்னு நெனச்சேன். வத்தலைப் பரத்திக்கிட்டே இருந்துச்சு.

அத்தை கையில இருந்த துணியை உதறிக் கொடியில போட்டுச்சு. அப்புறம், "ரத்தம் ஏத்துற அன்னைக்கு யாரு கூட வாரா?"

"அம்மாதான்."

"மூட்டு வலியோட அதுவும் எத்தனை பஸ் ஏறும்? ஒரு நாளைக்கு நான் வாரேன்."

அத்தை கீழ போனதும் அம்மா பக்கத்துல வந்து நின்னுச்சு. "அந்தப் பேர இன்னொரு தடவ சொல்லு. எனக்கு வாயில வரமாட்டேங்குது."

சொன்னேன். மூணாவது தடவை அம்மாவுக்குச் சரியா வந்துச்சு.