அண்ணே, அந்தக் கெரிஸைப் பற்றி

அண்ணே,

காலையில் பாசாரில் எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கடைக்காரப் பெண் ஒரு பழத்தைக் கீறி, "மோந்து பாருங்கக்கா, புதுசுலா" என்று மூக்கருகே நீட்டினாள். அவ்வளவுதான். கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டத்தோ கிராமாட்டில் நம் வீட்டுக் கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, தாத்தா விட்டுப்போன கெரிஸை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாய். ஏழு வளைவு உள்ள கத்தி. எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு ஒற்றுவாய். துணியால் ஈரத்தை எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, மஞ்சள் துணியில் சுற்றுவாய். "கல்யாணம் கட்டியிருந்தா இந்நேரம் பேரனைக் குளிப்பாட்டியிருக்கலாம்" என்று கிண்டல் செய்வேன். "இவன் அழமாட்டான்" என்பாய்.

அது நம்முடையது இல்லை என்பதை நீ ஒருநாளும் மறக்கவில்லை. பாலிக் புலாவில் தாத்தா வேலை செய்த ஜாதிக்காய்த் தோட்டத்தின் மலாய் முதலாளி, குடும்பத்தோடு தீவை விட்டுப் போகும்போது, நான் திரும்பி வரும்வரை வைத்திரு என்று கொடுத்தது. அவர் திரும்பி வந்தாரோ என்னவோ, அதற்குள் தாத்தா டவுனுக்கு வந்துவிட்டார். உறை தொலைந்தது. பிடி உடைந்து, அப்பா காலத்தில் வேறு பிடி போட்டார்கள். மிச்சம் இருந்தது அந்த இரும்பு மட்டும்தான். "அமானா புள்ள இது, நம்பிக் குடுத்தது. உரியவங்க கையில சேக்கணும்" என்று அப்பா சொன்னதையே நீயும் சொல்வாய்.

ஆறு நாள் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக் கிலாங் பஸ் ஓட்டுவாய். ஞாயிறு மத்தியானம் மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலிக் புலாவுக்குப் போய் வீடு வீடாக விசாரிப்பாய். மூன்று வருடம். கடைசியில் போன வருடம் ஆயுத பூஜைக்கு முன் ஒருநாள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கே வந்து நின்றாய். "வயசான மலாய் மக்சிக் ஒருத்தவங்க கிடைச்சிருக்காங்க. முதலாளியோட பேத்தி. பூசை முடிஞ்ச மறுநாள் பாக்க வராங்க." எதை வைத்து அடையாளம் காணப்போகிறார் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாளே உனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது.

பதினெட்டு வருடமாக பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்குச் சோறு போடுவது குறை கண்டுபிடிக்கிற வேலை. புள்ளி இருந்தால் ரிஜெக்ட், கீறல் இருந்தால் ரிஜெக்ட். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்தக் கண்ணோடு கெரிஸைப் பிரித்தேன். கத்தி முழுக்க அரிசி சிந்தியதுபோல் வெளிறிய புள்ளிகள். இத்தனை வருடம் எலுமிச்சை போட்டும் போகாத கறை என்று நினைத்தேன். அடுத்த வீட்டுக் கிண்ணத்தைக்கூடக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கமாட்டாள் நம் அம்மா. மூன்று தலைமுறை வைத்திருந்த பொருளை அழுக்கோடா கொடுப்பது? உப்புத்தாளால் தேய்த்தேன். டிரில்லில் பஞ்சு மாட்டி, பாலிஷ் போட்டு மறுபடி தேய்த்தேன். மூன்று சாயங்காலம். கண்ணாடியாக்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் வைத்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நீ வீட்டுக்கு வந்த அன்றே மக்சிக்கும் வந்தார். கெரிஸை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவினார். "புக்கான்" என்றார். இது எங்களுடையது இல்லை. நீ கத்தியைப் பார்த்தாய். பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாய். வீண் அலைச்சல் கொடுத்துவிட்டேன் என்று மலாயில் அவரிடம் மன்னிப்புக் கேட்டாய்.

"என்னண்ணே?" என்று கேட்டேன்.

"வேற குடும்பம் போல. நல்லா மினுக்கியிருக்கே லா."

பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன் அண்ணே. அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாய். ஞாயிறுகளில் பழையபடியே பேப்பரை விரித்தாய், பஞ்சால் ஒற்றினாய், எண்ணெய் தடவினாய். பாலிக் புலாவுக்கு மட்டும் போகவில்லை. நெஞ்சு தாங்காது என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்து உன் பையைப் பிரித்தபோது பஸ் டைரியில் ஒரு படம் இருந்தது. பென்சிலால் ஏழு வளைவு, அரிசி அரிசியாகப் புள்ளிகள், அடியில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வெற்றிடம். கீழே உன் கோழிக்கிறுக்கல்: "மக்சிக் சொன்ன மாதிரியே இருக்கு. அவங்களுதுதான்."

பழைய ஆயுதங்களைப் பழுது பார்க்கும் தமிழ் முஸ்லிம் நானா ஒருவரிடம் கெரிஸை எடுத்துப் போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "தங்கச்சி, ரெண்டு விதமான இரும்பை ஒண்ணா மடிச்சுத் தட்டி கொல்லன் போட்ட கோலம் இது. மேலாக்க மெல்லிசா இருந்திருக்கும். அதையே உரிச்சிட்டீங்க. இனிமே மருந்து போட்டா கறுக்கும். கோலம் வராது."

படத்தை எடுத்துக்கொண்டு மக்சிக் வீட்டுக்கும் போனேன். நடந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும், "இது நான் சொன்ன பிறகு உன் அண்ணன் வரைந்தது, மகளே. இதை நம்பி வேறு யாருடைய கெரிஸையோ என் தாத்தாவுடையது என்று எப்படி வாங்குவேன்?" என்றார். நியாயம்தானே. உன்னைப் போலவே அவரும் அடுத்தவர் பொருளைத் தொடாதவர்.

கேட்டால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டு, அழுது தீர்த்திருப்பேன். நீ திட்டவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது என்றால் அது இது ஒன்றுக்குத்தான்.

பாசாருக்குத் திரும்பிப் போய் மூன்று பழம் வாங்கி வந்தேன். கூடத்தில் பேப்பர் விரித்திருக்கிறேன். எனக்குப் பிறகு இதை யாரிடம், யாருடையது என்று சொல்லிக் கொடுப்பேன்? தெரியவில்லை. நீ செய்ததுபோலவே தேய்க்காமல் ஒற்றுகிறேன். கோலம் இருந்த இடத்தில் என் முகம் தெரிகிறது, அண்ணே. துடைக்கத் துடைக்க இன்னும் தெளிவாகத் தெரிகிறது.