நெபுலாவுக்குக் குறுக்கே நிற்கும் தெருவிளக்கு

அனுப்புநர்
தையற்காரர்,
முக்கு வீட்டு மாடி.

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
தெருவிளக்குப் பிரிவு, நகராட்சி.

பொருள்: புதிய தெருவிளக்குக்கு மாடிப் பக்கம் மூடி போடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பகலில் சட்டை தைப்பதும், இருட்டியதும் மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து வானத்தைப் படமெடுப்பதும் என் வழக்கம். ஓரியன் நெபுலா என்றொரு வாயு மேகம் உண்டு. புது நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். ஒரே படத்தில் அது சிக்காது. மங்கலாகப் பல படங்கள் எடுத்து, துணியை அடுக்குவதுபோல் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

2. தாங்கள் நட்ட விளக்கோ தெருவை விட்டுவிட்டு என் லென்சுக்குள் எரிகிறது. நேற்று அடுக்கிப் பார்த்ததில் நெபுலாவைக் காணோம். கொடியில் கிடந்த என் மைத்துனரின் பனியன்தான் ஓட்டை ஓட்டையாகப் பளிச்சென்று விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “மாமா, இங்கதான் நட்சத்திரம் பொறக்குதா?” என்று கேட்டார். வயிறு எரிகிறது ஐயா.

3. இன்னும் சில வாரங்களில் ஓரியன் சூரியன் பக்கம் போய் மறைந்துவிடும். அதற்குள் உருப்படியாக ஒரு படம் கூடத்துச் சுவரில் ஏறாவிட்டால், தொலைநோக்கியை விற்று வாஷிங் மெஷின் வாங்குவதென்று என் மனைவி தீர்ப்பளித்துவிட்டார். அப்பீல் கிடையாது.

4. விளக்கு வந்த கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடியில் சிவப்பு வெளிச்சத்தோடு திருடன் நடமாடுவதாக எதிர்வீட்டு ஆசிரியை சொன்னார். தெருவே கூடியது. “முதல்ல ஒரு லைட்டப் போடச் சொல்லுங்க!” என்று எல்லாரையும்விடப் பலமாகக் கத்தியவனும், மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க நான் எப்போதும் பிடிக்கும் சிவப்பு டார்ச்சை அன்றிரவு மாடியில் அடித்தபோதுதான், திருடன் யாரென்று எனக்கே உறைத்தது.

5. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. ஏணி வைத்து அளவெடுத்து, கறுப்புத் துணியில் நானே ஒரு குல்லாய் தைத்து மாட்டினேன். தங்கள் ஊழியர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். தையலை மட்டும் பாராட்டினார். எனவே தகரத்தில் முறைப்படி ஒரு மூடி போட்டுத் தருமாறு மன்றாடிக் கேட்கிறேன்.

6. விசாரணைக்கு வருபவர் நான்காம் பத்தியை என் மனைவியின் காதுபட வாசிக்க வேண்டாம்.

இடம்: மொட்டை மாடி
நாள்: அமாவாசைக்கு முந்தின வெள்ளி

இப்படிக்கு, தங்கள் மூடியை நம்பியிருக்கும்,
(தையற்காரர்)

(கீழே, வேறு கையெழுத்தில்)

சார், தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தார். படிச்சுட்டேன். அந்தத் திருடனுக்குப் பயந்து வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கினவ நான். மூடியைச் சீக்கிரம் போட்டுடுங்க. படம் சுவத்துக்கு வரட்டும், அப்புறம் இவரை நான் கவனிச்சுக்கறேன்.